மாடியறை மாணவி

மரியா ஸ்க்லடோவ்ஸ்கா 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் போலந்தின் வார்சா நகரில் பிறந்தார். அந்நகரம் அப்போது ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பள்ளிகளில் ரஷ்ய மொழியிலேயே பாடம் நடத்த வேண்டும் என்பது ஆணை. தாய்மொழியாகிய போலிஷ், வீட்டில்தான் அச்சமின்றி ஒலித்தது.

1883இல் மரியா பள்ளிப் படிப்பைத் தங்கப் பதக்கத்துடன் முடித்தார். ஆனால், வார்சா பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அயல்நாடு சென்று பயிலக் குடும்பத்தில் பணமும் இல்லை. ஆகவே, அக்காள் புரோனியாவும் மரியாவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். முதலில் அக்காள் பாரிஸில் மருத்துவம் பயில்வார். தங்கை உழைத்துப் பணம் அனுப்புவார். பின்னர் அக்காள் தங்கைக்கு உதவுவார். மரியா பிறர் இல்லங்களில் தங்கிக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். இரவில் கணிதமும் இயற்பியலும் தாமே பயின்றார்.

1891இல் அவரது முறை வந்தது. பாரிஸின் சார்போன் பல்கலைக்கழகத்தில் ‘மேரி’ என்னும் பெயரில் சேர்ந்தார். பேராசிரியர்கள் விரைந்து பேசிய பிரெஞ்சு மொழி அவருக்கு முழுமையாக விளங்கவில்லை. கணிதத்திலும் உடன் பயின்றோரைவிடப் பின்தங்கியிருந்தார். குறையை உணர்ந்தவர், சிறிய மாடியறை ஒன்றில் தங்கி இரவும் பகலும் படித்தார். குளிர் தாங்காத இரவுகளில் தம் உடைகள் அனைத்தையும் அணிந்துகொண்டார். உணவு போதாமல் ஒருமுறை மயங்கியும் விழுந்தார்.

1893இல் நடந்த இயற்பியல் பட்டத் தேர்வில் மேரி முதலிடம் பெற்றார். மறு ஆண்டு கணிதப் பட்டத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றார். கணிதம் பயிலக் கிடைத்த உதவித்தொகையை, வேறொரு மாணவருக்குப் பயன்படட்டும் எனப் பின்னாளில் திருப்பிச் செலுத்தினார்.

1895இல் அறிவியலறிஞர் பியர் கியூரியை மணந்தார். 1898இல் இருவரும் கண்டறிந்த தனிமத்திற்குத் தாய்நாட்டின் நினைவாகப் ‘பொலோனியம்’ எனப் பெயரிட்டனர். 1903இல் மேரி முனைவர் பட்டத் தேர்வில் வென்றார். அவ்வாண்டே இயற்பியலுக்கான நோபல் பரிசையும், 1911இல் வேதியியலுக்கான நோபல் பரிசையும் பெற்றார். பிரான்சில் பிறந்து வளர்ந்த தம் மகள்கள் ஐரீன், ஈவ் இருவருக்கும் போலிஷ் மொழியைக் கற்பித்தார். 1934இல் மேரி கியூரி மறைந்தார்.

சொற்பொருள்
ஆணை – கட்டளை
உடன்பாடு – ஒப்பந்தம்
அயல்நாடு – வெளிநாடு

வினாக்கள்
1. மரியாவும் புரோனியாவும் செய்துகொண்ட உடன்பாடு யாது?
2. பாரிஸில் மேரிக்கு ஏற்பட்ட இடர்கள் யாவை?
3. நீங்கள் வீட்டில் பேசும் மொழி எது? பள்ளியில் பயிலும் மொழிகள் எவை? ஐந்து தொடர்களில் எழுதுக.