காப்பீட்டு அட்டை போதுமா, பக்கத்தில் ஆஸ்பத்திரி வேண்டாமா? 80 வருஷத்துக்கு முன்பே யோசித்த டாக்டர் ஏ.எல்.முதலியார்... யார் இவர்?

புதுக்கோட்டை மாவட்டம் கட்டுமாவடியில் ஒரு மீனவர் வீட்டில் நடுராத்திரி ஒருவருக்கு நெஞ்சுவலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருப்பவர்கள் முதலில் தேடுவது வண்டியைத்தான். அறந்தாங்கிக்குப் போவதா, புதுக்கோட்டைக்கா, தஞ்சாவூருக்கா என்று முடிவு செய்து கிளம்பிய பிறகுதான் காப்பீட்டு அட்டை ஞாபகத்துக்கு வரும். அட்டை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஏழையின் வைத்தியச் செலவை எப்படிச் சமாளிப்பது? வரிப்பணத்தில் அரசே ஊர் ஊராக மருத்துவமனை நடத்துவதா, காப்பீடு எடுத்துக் கொடுத்து எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்ளச் சொல்வதா? நாடு சுதந்திரம் அடையும் முன்பே இந்தக் கேள்விக்கு பதில் தேடிய குழுவில் ஒரு சென்னை டாக்டர் இருந்தார். அவர்தான் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார்.

பிரசவ வார்டில் இருந்து வந்தவர்

1887 அக்டோபர் 14-ம் தேதி கர்நூலில் பிறந்தார். இரட்டைக் குழந்தைகளில் ஒருவர். இன்னொருவர் நீதிக்கட்சியின் பெரிய தலைவர், பின்னாளில் மைசூர் திவான் சர் ஏ.ராமசாமி முதலியார். படிக்க சென்னை வந்த லட்சுமணசாமி, கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார், பிறகு மருத்துவம் படித்தார். மகப்பேறு மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்து, எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையில் பேர் வாங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரும் இவரே. மகப்பேறு பற்றி இவர் எழுதிய பாடப்புத்தகத்தை, திருத்திய பதிப்புகளில் இன்றைய எம்.பி.பி.எஸ் மாணவர்களும் புரட்டுகிறார்கள்.

மகப்பேறு டாக்டர் என்பதை இங்கே சும்மா சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காத ஒரு தாய்க்கு சில மணி நேரம்தான் அவகாசம். அந்த நேரத்துக்குள் டாக்டர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர முடியாவிட்டால், செலவை யார் ஏற்கிறார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

போர் குழு என்ன சொன்னது?

1943-ல் ஆங்கிலேய அரசு, சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு சுகாதாரக் குழுவை அமைத்தது. அதில் முதலியாரும் உறுப்பினர். அப்போது அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது (1942-ல் உட்கார்ந்த அந்த நாற்காலியில் 1969 வரை, 27 வருஷம் இருந்தார்!).

உலகத்தில் அன்று இரண்டு வழிகள் பேசப்பட்டன. ஒன்று ஜெர்மனி வழி. 1883-ல் பிஸ்மார்க் கொண்டுவந்தது: தொழிலாளி கொஞ்சம், முதலாளி கொஞ்சம் என்று பணம் கட்டும் காப்பீடு. இன்னொன்று, வரிப்பணத்தில் எல்லோருக்கும் இலவச சிகிச்சை. பிரிட்டனில் 1948-ல் அமலானது அதுதான்.

காப்பீட்டில் ஒரு சிக்கல் உண்டு. மாதச் சம்பளம் வாங்குகிறவரிடம் பிடித்தம் செய்யலாம். இன்று மீன் கிடைத்து நாளை வெறும் வலையோடு திரும்புகிறவரிடம், விவசாயக் கூலியிடம் யார், எப்படி வசூலிப்பது? நாட்டில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். அதனால் 1946-ல் வந்த போர் குழு அறிக்கை வரிப்பணப் பக்கமே நின்றது. காசு இல்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்பது அதன் அடிப்படை. முதற்கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்றது. இன்று நாம் பி.எச்.சி என்று சொல்கிறோமே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

காப்பீடும் ஒரு ஓரமாக வந்தது. பேராசிரியர் அதர்க்கர் 1944-ல் கொடுத்த அறிக்கையை வைத்து 1948-ல் இ.எஸ்.ஐ சட்டம் பிறந்தது. ஆனால் அது ஆலைத் தொழிலாளிக்கு மட்டும்.

இதற்கிடையே ஒரு சுவாரஸ்யம். ஐ.நா.வின் பொருளாதார சமூக கவுன்சிலுக்கு முதல் தலைவர், சகோதரர் ராமசாமி. உலக சுகாதார நிறுவனத்தை உருவாக்கிய 1946 மாநாட்டைக் கூட்டியது அந்தக் கவுன்சில்தான். அந்த நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கு பிறகு தலைவரானவர் லட்சுமணசாமி. 1961-ல் டெல்லியில் நடந்த உலக சுகாதாரப் பேரவைக்கும் அவரே தலைவர்.

தன் குழுவின் கனவைத் தானே சோதித்தவர்

1959-ல் மத்திய அரசு மறுபடி ஒரு குழு போட்டது. போர் குழு சொன்னதெல்லாம் நடந்ததா என்று பார்ப்பது அதன் வேலை. இந்த முறை தலைவரே முதலியார். கண்டது ஏமாற்றம்தான். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. புதிதாகத் திறந்துகொண்டே போகாமல் இருப்பதை முதலில் சரிசெய்யுங்கள், மாவட்ட மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்களைப் போடுங்கள் என்றது குழு. எல்லாமே இலவசம் என்பதிலும் கொஞ்சம் இறங்கி வந்தது: வசதி உள்ளவர்களிடம் கட்டணம் வாங்கலாம் என்றது. பதினைந்து வருஷ அனுபவம் தந்த மாற்றம் என்று இதைப் பார்க்கலாம். கொள்கையில் இருந்து சறுக்கல் என்று விமர்சிப்பவர்களும் உண்டு.

1963-ல் பத்ம விபூஷண் பெற்றார். 1974 ஏப்ரல் 15-ம் தேதி காலமானார். சென்னை தரமணியில் ஒரு மருத்துவ ஆய்வு நிலையம் அவர் பெயரில் இருக்கிறது.

இன்றைய காப்பீட்டில் லாபம் என்ன, நஷ்டம் என்ன?

தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமானது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. 2024 அக்டோபரில் இருந்து 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், மத்தியத் திட்டத்தில் இடம் உண்டு.

1946-ல் இருந்த வசூல் சிக்கல் இதில் இல்லை. ஏழைக்கான பிரீமியத்தை அரசே கட்டிவிடுகிறது. இதய ஆபரேஷன் முதல் புற்றுநோய் வரை பெரிய செலவுகளுக்குக் கை கொடுக்கிறது. இந்தக் காப்பீட்டுப் பணம் அரசு மருத்துவமனைகளுக்கும் போகிறது என்பது பலருக்குத் தெரியாத நல்ல விஷயம்.

மறுபக்கம், கண்காணிப்பில் ஓட்டை இருக்கிறது. ஒரே செல்போன் எண்ணில் சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததை 2023-ல் சி.ஏ.ஜி அறிக்கை சுட்டிக்காட்டியது. அதைவிடப் பெரிய விஷயம் தூரம். பட்டியலில் உள்ள பெரிய தனியார் மருத்துவமனைகள் நகரத்தில்தான் அதிகம். அட்டை எல்லா ஊருக்கும் ஒன்றுதான், ஆனால் மதுரைக்காரருக்கும் கட்டுமாவடிக்காரருக்கும் அதன் மதிப்பு ஒன்றில்லை. 1959 குழு மாவட்ட மருத்துவமனைகளை வற்புறுத்தியது இதற்காகத்தான். புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைக்கவே 2017 ஆனது.

இன்னொன்று, காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான். சுகர், பி.பி.க்கு மாதாமாதம் வாங்கும் மாத்திரை அதில் வராது. அது ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேலை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதை வாங்கக் காப்பீட்டு அட்டையைக் காட்ட வேண்டியதில்லை.