புலி வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் ஏன் .405 துப்பாக்கியை நம்பினார்?

திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லையைத் தாண்டினால் நகரி, அப்புறம் திருப்பதி. அதற்கும் மேற்கே சாமலா பள்ளத்தாக்கு. 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேரும் வரை இது எல்லாமே ஒரே சித்தூர் மாவட்டம்தான். அந்தப் பள்ளத்தாக்கில் மனிதர்களைக் கொன்ற புலியைத் தேடிப் போனவர் கென்னத் ஆண்டர்சன்.

யார் இவர்?

1910-ல் செகந்திராபாத் பக்கம் பொல்லாரத்தில் பிறந்தவர். ஸ்காட்டிஷ் வம்சாவளிக் குடும்பம். வாழ்க்கை முழுக்க பெங்களூரு. விமானத் தொழிற்சாலையில் வேலை, லீவு கிடைத்தால் காடு. தமிழும் கன்னடமும் பேசுவார் என்பதால் கிராமத்து மக்களிடம் நேரடியாகவே தகவல் கேட்பார். 1939 முதல் 1966 வரை அவர் சுட்டதாகப் பதிவானவை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகள், 7 ஆட்கொல்லிப் புலிகள். இந்த அனுபவங்களைச் சொல்லும் முதல் புத்தகம் 1954-ல் வந்தது. ஓசூரை அடுத்த ஜவளகிரியும் அதில் உண்டு.

அது என்ன .405?

அவர் கையில் இருந்தது வின்செஸ்டர் 1895 மாடல். தோட்டா சுமார் 10 மில்லிமீட்டர் விட்டம், ஈயக்குண்டின் எடை 19 கிராமுக்கு மேல். மானுக்கு இவ்வளவு தேவையே இல்லை, 9 கிராம் குண்டே போதும். ஆனா புதர்க்காட்டில் சில அடி தூரத்தில் புலி பாயும்போது கனமான குண்டுதான் அதை நிறுத்தும்.

இன்னொரு காரணம் வேகம். விசைக்குக் கீழே இருக்கும் நெம்புகோலைத் தள்ளி இழுத்தால் காலித் தோட்டா வெளியே வந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். இரட்டைக் குழல் துப்பாக்கியில் இரண்டு குண்டோடு கதை முடிந்தது. இதில் உள்ளறையில் 4 தோட்டா இருக்கும்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்குது?

நாட்டுத் துப்பாக்கியில். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, துணியை அடைத்து, பால்ரஸ் குண்டுகளைப் போட்டு இடிப்பார்கள். அளவு எல்லாம் கண் மதிப்புதான். மருந்து கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குண்டின் வேகம் மாறும், படும் இடமும் மாறும். அதனால்தான் தோட்டாவைக் கையால் தயாரிப்பவர்கள் மருந்தைத் தராசில் நிறுத்துப் போடுகிறார்கள், குண்டையும் ஒரே ஆழத்தில் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு தோட்டாவும் ஒரே மாதிரி இருந்தால்தான் குறி தப்பாது.

மானுக்காகத் தண்ணீர்க்கரையில் காத்திருப்பவர் முன்னால் புலி வந்து, அதை அவர் இந்தத் துப்பாக்கியால் சுட்டால்? புலி சாகாது. காலிலோ கண்ணிலோ காயத்தோடு தப்பும். அப்புறம் மானைத் துரத்த முடியாமல் ஆடு மாட்டைத் தேடி வரும், சிலசமயம் மனிதனையும் அடிக்கும். இதை ஆண்டர்சன் திரும்பத் திரும்ப எழுதினார்.

பிறகு?

பிற்காலத்தில் அவருக்குத் துப்பாக்கியைவிட கேமரா மேல் ஆர்வம் கூடியது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-ல் அவர் காலமானார்.

இன்றைக்கும் காட்டோரக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டதாகச் செய்தி வருகிறது. அப்போது எத்தனை மான் செத்தது என்று கேட்கிறோம். குண்டடி பட்டுத் தப்பிய மிருகம் எந்த ஊர்ப் பக்கம் போனது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.