ஈஸ்டர் தேதி ஏன் ஆண்டுதோறும் மாறுகிறது? காலண்டரில் 10 நாட்களை நீக்கிய கணக்கு வாத்தியார் கிளாவியஸின் கதை

2019 ஏப்ரல் 18 நினைவிருக்கிறதா? மக்களவைத் தேர்தலுக்குத் தமிழ்நாடு வாக்களித்த நாள். மதுரையில் அன்றைக்குத்தான் சித்திரைத் தேரோட்டம். கிறிஸ்தவர்களுக்கோ அது பெரிய வியாழன். வாக்குப்பதிவு தேதியை மாற்றச் சொல்லிக் கோரிக்கைகள் எழுந்தன, தேதி மாறவில்லை. மதுரையில் மட்டும் இரவு 8 மணி வரை வாக்களிக்க நேரம் கொடுத்தார்கள்.

சித்திரைத் திருவிழாவும் ஈஸ்டரும் ஒரே வாரத்தில் வந்தது தற்செயல் மாதிரி தெரியும். பாதிதான் தற்செயல். இரண்டுமே பௌர்ணமியைப் பிடித்துக்கொண்டு நகரும் விழாக்கள். ஆனால் அந்த வருஷம் வானத்தை நேரடியாகப் பார்த்து ஈஸ்டரைக் குறித்திருந்தால், அது மார்ச் 24-லேயே முடிந்திருக்கும். ஏப்ரல் 21-க்குத் தள்ளியது ஓர் அட்டவணை. அந்த அட்டவணைக்காகத் தன் வாழ்நாளில் பாதியைச் செலவழித்து வாதாடியவர் கிறிஸ்டோபர் கிளாவியஸ் என்ற ஜெர்மன் நாட்டுப் பாதிரியார். ரோமில் ஒரு கணக்கு வாத்தியார்.

இன்று உங்கள் கைபேசியில் இருக்கும் காலண்டரும் அவர் கைபட்டதுதான்.

முதலில், எந்த விழா எதைச் சார்ந்தது?

கிறிஸ்தவத் திருச்சபையின் ஆண்டு இரண்டு ஆணிகளில் தொங்குகிறது. ஒன்று, டிசம்பர் 25. அது அசையாது. அதற்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம்.

இன்னொன்று ஈஸ்டர். அது அசையும், கூடவே பல விழாக்களையும் இழுத்துக்கொண்டு போகும். ஈஸ்டருக்கு 46 நாள் முன்னால் சாம்பல் புதன், அதாவது திருநீற்றுப் புதன். அன்றைக்குத் தவக்காலம் தொடங்குகிறது. நடுவில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்தால் நோன்பு சரியாக 40 நாள். ஒரு வாரம் முன்னால் குருத்து ஞாயிறு. இரண்டு நாள் முன்னால் புனித வெள்ளி. ஈஸ்டரையும் சேர்த்து எண்ணினால் 40-வது நாள் விண்ணேற்பு, 50-வது நாள் பெந்தெகொஸ்து.

ஆக, ஈஸ்டர் தப்பானால் எல்லாமே தப்பு. நோன்பு இருக்க வேண்டிய நாளில் விருந்து, விருந்து நாளில் நோன்பு. 16-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அது ஆன்மா சம்பந்தப்பட்ட விஷயம்.

கி.பி. 325-ல் நிசேயா நகரில் கூடிய சங்கம், எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே ஞாயிறில் ஈஸ்டர் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்தது. பிறகு நிலைத்த விதி இது: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைப் பாருங்கள். அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். மார்ச் 21 ஏன்? பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள் அது என்று எடுத்துக்கொண்டார்கள்.

பட்டப்பகலில் இருட்டைப் பார்த்த இளைஞன்

கிளாவியஸ் 1538-ல் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் பிறந்தார். 1555-ல் ரோமில் இயேசு சபையில் சேர்ந்தார். அந்தச் சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா அப்போது உயிரோடு இருந்தார். அங்கிருந்து படிப்புக்காக போர்ச்சுகலின் கோயிம்ப்ரா நகருக்குப் போனார்.

1560 ஆகஸ்ட் 21. கோயிம்ப்ராவில் நண்பகலையொட்டி முழு சூரிய கிரகணம். கால் எங்கே வைக்கிறோம் என்றே தெரியாத அளவுக்கு இருட்டு, வானில் நட்சத்திரங்கள், பயந்துபோய்த் தரையில் விழுந்த பறவைகள் என்று அவர் பின்னால் எழுதி வைத்தார். அப்போது அவருக்கு 22 வயது. 1567-ல் ரோமில் இன்னொரு கிரகணத்தைப் பார்த்தார். அதில் சந்திரனைச் சுற்றி மெல்லிய ஒளி வளையம் மிஞ்சியது என்று அவர் குறித்து வைத்தது, சூரியனின் அளவு பற்றி 20-ம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் விவாதித்தபோதுகூடப் பயன்பட்டது.

ரோமில் இயேசு சபையின் கல்லூரியான கொலேஜியோ ரொமானோவில் அவர் கணிதம் கற்பித்தார். இடையில் சில காலம் தவிர, சாகும்வரை அதே வேலை. அந்தக் காலத்தில் கணிதத்துக்குப் பெரிய மதிப்பில்லை. தத்துவமும் இறையியலும்தான் பெரிய பாடங்கள். அதை மாற்றத் தன் சபைக்குள்ளேயே அவர் போராட வேண்டியிருந்தது. 1574-ல் யூக்ளிடின் வடிவியலுக்கு அவர் போட்ட உரைப் பதிப்பு ஐரோப்பா முழுக்கப் பாடப்புத்தகமானது.

அவருடைய மாணவர்களில் ஒருவர் மத்தேயோ ரிச்சி. 1578-ல் கோவாவுக்கு வந்து, 1580-ல் கொச்சியில் குருப்பட்டம் பெற்று, பிறகு சீனா போனார். வாத்தியாரின் யூக்ளிட் பதிப்பில் முதல் ஆறு பகுதிகளைச் சீன அறிஞர் சூ குவாங்சியோடு சேர்ந்து 1607-ல் சீன மொழிக்குக் கொண்டுபோனார்.

சிக்கல் எங்கே வந்தது?

ஜூலியஸ் சீசர் காலத்துக் காலண்டரில் ஒரு வருஷம் என்பது 365 நாளும் கால் நாளும். உண்மையான சூரிய ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. வருஷத்துக்கு 11 நிமிடம் என்றால் பெரிசா என்று கேட்பீங்க. ஆனால் அதை அடுக்கிக்கொண்டே போனால் சுமார் 128 வருஷத்தில் ஒரு நாள் ஆகிவிடும். நிசேயாவிலிருந்து 1,250 ஆண்டுகள் கடந்தபோது, பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 11 வாக்கில் வந்துகொண்டிருந்தது. காலண்டரோ மார்ச் 21-லேயே நின்றது. சந்திரனுக்கான அட்டவணையும் ஏறக்குறைய 4 நாள் பிசகியிருந்தது. காலண்டர் பௌர்ணமி என்று சொன்ன நாளில் வானத்தில் தேய்பிறை.

இது படித்தவர்களுக்கு நூற்றாண்டுகளாகத் தெரியும். சரிசெய்யத்தான் யாராலும் முடியவில்லை. 1570-களில் 13-ம் கிரகோரி போப் ஒரு குழு அமைத்தார். அதன் தலைவர் கர்தினால் சிர்லெத்தோ. குழுவின் கணித மூளை கிளாவியஸ்.

குழுவில் இன்னொருவரும் இருந்தார்: அந்தியோக்கியாவின் முன்னாள் சிரியத் திருச்சபை முதுபெரும் தந்தை இக்னேஷியஸ் நிமத்தல்லா. அரபு உலகின் வானியல் அறிந்தவர். கேரளத்து யாக்கோபாய சபை இன்றும் தலைமையாக ஏற்பது அந்த அந்தியோக்கியா பீடத்தைத்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புதிய முறையின் அடிப்படை யோசனை கிளாவியஸுடையது இல்லை. இத்தாலிய மருத்துவர் அலோசியஸ் லிலியஸுடையது. அவர் 1576-ல் இறந்துவிட்டார். கையெழுத்துப் பிரதியைக் குழுவிடம் கொண்டுவந்தவர் அவருடைய சகோதரர் அந்தோனியோ. அதைச் சோதித்து, சில இடங்களில் திருத்தி, உலகத்துக்கு விளக்கியவர் கிளாவியஸ்.

என்ன செய்தார்கள்? மூன்றே மாற்றங்கள்

முதலாவது, 10 நாட்களை நீக்கினார்கள். 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமை. மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை. கிழமை வரிசை உடையவில்லை, தேதி மட்டும் தாவியது. முக்கியத் திருநாட்கள் அதிகம் அடிபடாத காலம் என்பதால் புனித பிரான்சிஸ் அசிசியின் திருநாளான அக்டோபர் 4-க்கு அடுத்த நாட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வாடகை, கடன் தவணைகளில் யாருக்கும் நஷ்டம் வராமல் 10 நாளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று போப்பின் ஆணையே சொன்னது. ஸ்பெயினில் புனித அவிலா தெரேசா இறந்தது அந்த அக்டோபர் 4 இரவில். அவருடைய திருநாளோ அக்டோபர் 15.

இரண்டாவது, லீப் வருஷம். நூறால் வகுபடும் ஆண்டுகளில், 400-ஆலும் வகுபடுபவை மட்டுமே லீப் வருஷம். அதனால் 2000 லீப், 1900 இல்லை. 400 ஆண்டுகளுக்கு 100 லீப் நாள் என்பது 97 ஆனது. இப்போது 400 ஆண்டுகள் என்றால் 1,46,097 நாட்கள். ஏழால் வகுத்துப் பாருங்கள், மிச்சமே வராது.

மூன்றாவது, சந்திரன். 12 சந்திர மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாள்தான். வருஷத்துக்கு 11 நாள் குறையும். அமாவாசை முடிந்து எத்தனையாவது நாளில் ஜனவரி 1 வருகிறது என்ற ஒற்றை எண்ணை வைத்து, அந்த வருஷத்தின் பௌர்ணமிகள் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் வழியை லிலியஸ் வகுத்திருந்தார். நூற்றாண்டுகள் போகப்போக அந்த எண்ணையே திருத்திக்கொள்ளும் ஏற்பாடும் அதில் உண்டு.

வாக்கியமா, திருக்கணிதமா?

இங்கேதான் சண்டை. புதிய முறை வானத்துப் பௌர்ணமியைப் பார்க்கவில்லை. அட்டவணைப் பௌர்ணமியைப் பார்த்தது. நம்மூரில் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் இருக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே வழக்குதான்.

கெப்ளரின் ஆசிரியர் மைக்கேல் மெஸ்ட்லின் எதிர்த்து எழுதினார். பிரெஞ்சுக் கணித மேதை பிரான்சுவா வியெட் தாக்கினார். வரலாற்றுக் காலக்கணிப்பின் பெரிய பெயரான ஜோசப் ஸ்காலிஜரும் விடவில்லை. புராட்டஸ்டண்ட் நாடுகளுக்கோ கணக்கைவிட, போப் ஆணையிட்டார் என்பதே பெரிய பிரச்சினை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1584-ல் காலண்டரை முன்வைத்துக் கலகமே நடந்தது. ஒரே தெருவில் இரண்டு தேதிகள், இரண்டு ஈஸ்டர்கள்.

கிளாவியஸ் பதில் எழுதிக்கொண்டே இருந்தார். 1588-ல் மெஸ்ட்லினுக்கு ஒரு புத்தகம். 1603-ல் முழு முறையையும் விளக்கும் பெரிய நூல். அவர் வாதத்தின் சாரம் இதுதான்: உண்மையான பௌர்ணமி நேரத்தை வைத்தால், ரோமில் சனிக்கிழமை இரவாக இருப்பது வேறு ஊரில் ஞாயிறு அதிகாலையாக இருக்கும். ஊருக்கு ஊர் ஈஸ்டர் மாறும். அட்டவணை என்றால் எந்தக் கிராமத்துப் பாதிரியாரும் காகிதத்தில் கணக்குப் போடலாம், எல்லோருக்கும் ஒரே விடை வரும். அரிதாகச் சில ஆண்டுகளில் வானத்தோடு பொருந்தாமல் போகும் என்பது தெரிந்தேதான் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார்.

2019 அப்படிப்பட்ட ஆண்டு. இந்திய நேரப்படி மார்ச் 21 அதிகாலையில் பகலும் இரவும் சமமாகும் கணம். சில மணி நேரத்தில் பௌர்ணமி. ஹோலியும் பங்குனி உத்திரமும் வந்த நாள் அது. ஆனால் அட்டவணையில் அந்தப் பௌர்ணமி மார்ச் 20. ஒரே ஒரு நாள் முன்னால் வந்துவிட்டதால் அது கணக்கில் சேரவில்லை. அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருந்து, ஈஸ்டர் ஏப்ரல் 21 ஆனது. பெரிய வியாழன் தேர்தல் நாளில் போய் விழுந்தது.

அவர் சரியாகக் கணித்ததும், விட்டதும்

கிளாவியஸ் சாகும்வரை பூமிதான் நடுவில் இருக்கிறது என்று நம்பினார். இளம் கலிலியோ 1587-ல் ரோமுக்கு வந்து அவரைச் சந்தித்திருந்தார். 1611-ல் தொலைநோக்கியில் தெரிந்தவை உண்மைதானா என்று கர்தினால் பெல்லார்மின் கேட்டபோது, வயதான கிளாவியஸும் சக கணிதர்களும் பார்த்துவிட்டு ஆம் என்றார்கள். நிலாவில் மலைகள் இருப்பதை மட்டும் கிளாவியஸ் ஒப்புக்கொள்ளத் தயங்கினார். ஆனால் கண்ணால் கண்டதை அவர் மறைக்கவில்லை. 1612 பிப்ரவரியில் ரோமில் காலமானார்.

அவர் வாதாடிய காலண்டரைப் புராட்டஸ்டண்ட் ஜெர்மனி 1700-லும், பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-லும், ரஷ்யா 1918-லும் ஏற்றன. ஆனால் எந்த ஒற்றுமைக்காக எல்லாம் தொடங்கியதோ அது இன்னும் முழுசாகக் கைகூடவில்லை. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை ஈஸ்டருக்குப் பழைய ஜூலியன் கணக்கையே வைத்திருக்கின்றன. 2025-ல் இரண்டு தரப்புக்கும் ஏப்ரல் 20 என்று ஒரே நாளில் வந்தது. 2026-ல் ஏப்ரல் 5, ஏப்ரல் 12 என்று மறுபடி பிரிந்தது.

உங்களுக்காகச் சில எண்கள்

ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன்னாலோ ஏப்ரல் 25-க்குப் பின்னாலோ வராது. மொத்தம் 35 தேதிகள். மார்ச் 22-ல் கடைசியாக வந்தது 1818-ல், அடுத்து 2285-ல். ஏப்ரல் 25-ல் கடைசியாக வந்தது 1943-ல், அடுத்து 2038-ல். நீண்ட காலக் கணக்கில் அதிகமாக வரும் தேதி ஏப்ரல் 19. இந்தத் தேதி வரிசை முழுக்க ஒரு சுற்று முடிந்து மறுபடி அப்படியே தொடங்க 57 லட்சம் ஆண்டுகள் ஆகும்.

நிலாவின் தென்பகுதியில் 200 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான ஒரு பள்ளத்துக்குக் கிளாவியஸ் பெயர் வைத்திருக்கிறார்கள். நிலாவில் நீரின் தடயம் இருப்பதை இந்தியாவின் சந்திரயான்-1 தரவுகள் 2009-ல் காட்டின. சூரிய ஒளி படும் பகுதியிலும் நீர் மூலக்கூறுகள் உண்டு என்று நாசா 2020 அக்டோபரில் அறிவித்தபோது, அவை கண்டுபிடிக்கப்பட்ட இடம் அந்தக் கிளாவியஸ் பள்ளம்தான்.