முதியோரின் அன்னை ஜீன் ஜூகன்

நற்செயல் புரிந்தோரை உலகம் என்றும் மறப்பதில்லை என்று நாம் கட்டுரைகளில் எழுதுவது வழக்கம். ஆனால் தாம் தொடங்கிய மடத்திலேயே, தாம்தான் அதைத் தொடங்கியவர் என்பது அறியப்படாமல் 27 ஆண்டுகள் வாழ்ந்த ஓர் அம்மையார் உண்டு. அவரே புனித ஜீன் ஜூகன். அவருடைய வரலாற்றை நாங்கள் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் எங்கள் வகுப்பு மாணவியர் அனைவரும் முதியோர் இல்லம் ஒன்றிற்குச் சென்றோம். பழமும் ரொட்டியும் சோப்பும் வழங்கினோம், பாடல்கள் பாடினோம். தரை பளபளவென்று இருந்தது. கட்டில்கள் ஒரே வரிசையில் இருந்தன. மிக நல்ல இல்லம் என்று திரும்பும் வழியிலேயே தீர்ப்புக் கூறிவிட்டோம். மறுநாள் எங்கள் வகுப்பாசிரியையான சகோதரி, அங்கே கண்ட பாட்டிமார்களில் ஒருவருடைய பெயராவது எங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். நாற்பது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைகுனிந்து நின்ற எங்களிடம் அவர் தந்ததுதான் ஜீன் ஜூகனின் வரலாறு.

பிறப்பும் இளமையும்

பிரான்சு நாட்டின் பிரிட்டனி மாநிலத்தில், கடலோரத்திலுள்ள கான்கால் என்னும் ஊரில் 1792ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் ஜீன் பிறந்தார். தந்தை மீனவர். ஜீனுக்கு நான்கு வயது நிரம்புமுன் கடலுக்குச் சென்ற தந்தை திரும்பி வரவில்லை. தாய் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அது பிரெஞ்சுப் புரட்சிக் காலம். கோயில்கள் மூடப்பட்டிருந்தமையால் பிள்ளைகள் செபங்களை வீடுகளில் மறைவாகவே கற்றுக்கொண்டனர். ஜீன் ஆடு மாடுகளை மேய்த்தார். கம்பளி பின்னக் கற்றார்.

பதினாறாம் வயதில் ஒரு பிரபுவின் இல்லத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். அவ்வீட்டு அம்மையார் ஏழைகளையும் நோயாளிகளையும் பார்க்கச் செல்லும்போது ஜீனையும் உடன் அழைத்துச் செல்வார். பெறுபவரின் மனம் நோகாமல் கொடுப்பது எப்படி என்பதை ஜீன் அங்கேதான் கற்றார். மணம் பேசி வந்த மாலுமி இளைஞரையும் அவர் ஏற்கவில்லை. பின்னர் சான் செர்வான் என்னும் ஊரின் மருத்துவமனையில் ஆறு ஆண்டுகள் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். உடல் தளர்ந்தபின், ஒரு பெண்மணியின் வீட்டில் வேலை பார்த்தார்.

ஒரு கட்டிலில் தொடங்கிய பணி

1839ஆம் ஆண்டு குளிர்காலம். ஜீனுக்கு வயது 47. வயதான தோழி ஒருவருடனும் ஓர் அனாதைப் பெண்ணுடனும் சிறிய வாடகை வீட்டில் வாழ்ந்து வந்தார். பார்வையிழந்து, பக்கவாதத்தால் நடக்க இயலாமல் தனித்திருந்த ஆன் ஷோவேன் என்னும் மூதாட்டியைப் பற்றிக் கேள்வியுற்றார். அவரைச் சுமந்துவந்து, குறுகிய படிக்கட்டில் ஏற்றித் தம் கட்டிலிலேயே படுக்க வைத்தார். தாம் பரணுக்குச் சென்று படுத்துக்கொண்டார். உலகெங்கும் பரவிய ஒரு பெரும்பணிக்கு அந்தக் கட்டிலே அடிக்கல்லாயிற்று!

விரைவில் இன்னொரு மூதாட்டி வந்தார். 1841ல் பன்னிருவர் தங்கத்தக்க இடம் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டில் பழைய மடக் கட்டடம் ஒன்றையே வாங்க வேண்டியதாயிற்று. துணைக்கு வந்த இளம் பெண்கள் சேர்ந்து ஒரு சபையாயினர். அதுவே பின்னாளில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை எனப் பெயர் பெற்றது.

இல்லத்திற்கு வந்த மூதாட்டியரில் பலர் அதற்குமுன் தெருவில் பிச்சையெடுத்து வந்தவர்கள். இனி அவர்கள் தெருவில் நிற்கக் கூடாது என்று எண்ணிய ஜீன், அவர்களுக்காகத் தாமே கூடையை ஏந்தி வீடு வீடாகச் சென்றார். கோபங்கொண்ட ஒருவர் அவரை அறைந்துவிட்டதாகவும், அந்த அடி தமக்கு உரியது, இனி ஏழைகளுக்கு ஏதேனும் தரவேண்டும் என்று ஜீன் அமைதியாகக் கேட்டதாகவும் கூறுவர். 1845ல் பிரெஞ்சு அகாதமி அவருக்கு மொந்தியோன் பரிசாக 3,000 பிராங்கு வழங்கியது. மறு ஆண்டில் ரென், தினான் ஆகிய ஊர்களிலும் இல்லங்கள் எழுந்தன.

மறைந்திருந்த விளக்கு

இத்தனை பணிக்கிடையே அவருக்கு நேர்ந்தது என்ன? 1843 டிசம்பரில் சகோதரிகள் அவரை மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தனர். ஆனால் சபையை வழிநடத்திய குருவானவர் அதை நீக்கி, இளம் சகோதரி ஒருவரைத் தலைவியாக்கினார். நாளடைவில் சபையை நிறுவியவர் தாமே என்றும் சொல்லலானார். 1852ல் ஜீன் தலைமை மடத்திற்கு அழைக்கப்பட்டு, வெளிப்பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். சான் பேர்ன் என்னும் ஊரிலுள்ள மடத்தில், கைத்தடி ஊன்றி நடந்த அந்த முதிய சகோதரி யார் என்பது அங்குப் பயிற்சி பெற்ற இளம் கன்னியருக்குத் தெரியாது. சிலுவையின் சகோதரி மரியா என்பதே அவர்கள் அறிந்த பெயர். அவரோ மனக்கசப்பின்றி அவர்களுக்கு நல்வழி கூறி வந்தார். முதியோரை மகிழ்வாக வைத்திருப்பதே முக்கியம் என்பது அவர் போதனை.

1879 ஆகஸ்டு 29ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தபோது சபையில் ஏறத்தாழ 2,400 சகோதரிகள் இருந்தனர். 1882ல் அச்சகோதரிகள் கல்கத்தாவுக்கும் வந்து பணி தொடங்கினர். 1890ல் அக்குருவானவர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். பின்னர் உண்மை மெல்ல வெளிவந்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1982ல் ஜீனுக்கு முத்திப்பேறு பட்டமும், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009ல் புனிதர் பட்டமும் அளித்தனர்.

நாங்கள் கற்ற பாடம்

அன்புத் தோழியரே! முதியோர் இல்லம் ஒன்று நல்லதா இல்லையா என்று அறியத் தரையையும் சுவரையும் மட்டும் பார்த்தால் போதாது. தூய்மை வேண்டும், மருந்தும் உணவும் வேளைக்குக் கிடைக்க வேண்டும். அவற்றோடு, அங்குள்ளவர்கள் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார்களா, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருகிறதா, அவர்களுடைய விருப்பத்தை எவரேனும் கேட்கிறார்களா, சிரிப்பொலி கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு விடை கூறத் தகுதியுள்ளவர்கள் அங்கே வாழும் முதியோரே. அவர்களைக் கேளாமலே நாங்கள் மதிப்பெண் போட்டுவிட்டோம்.

இதே அளவுகோலை எங்கள் வீடுகளிலும் வைத்துப் பார்த்தோம். கூடத்தின் மூலையில் அமர்ந்திருக்கும் ஆச்சியிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் நகர்ந்துவிடுபவர்கள் நாங்கள்தானே!

தவக்காலத்தில் மீண்டும் அந்த இல்லத்திற்குச் சென்றோம். இம்முறை பாட்டு நிகழ்ச்சி இல்லை. இருவர் இருவராக ஒவ்வொரு பாட்டியிடமும் அமர்ந்து, பெயரைக் கேட்டோம், ஊரைக் கேட்டோம். ஒருவர் முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவராம். அவர் எங்கள் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்து இரண்டு தவறுகளைத் திருத்திக் கொடுத்தார். கைத்தடியோடு மூலையில் இருப்பவர் யாராக இருந்தவர் என்பது கேட்டால்தான் தெரியும். கேட்கும் மனத்தை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!