நடுக்கம் தீர்த்த நல்லவர்: டாக்டர் பி. இராமமூர்த்தி

சீகாழி என்றதும் திருஞானசம்பந்தப் பெருமானை நினைப்பது தமிழர் வழக்கம். அத்திருப்பதியில் 1922-ஆம் ஆண்டு தோன்றிய மற்றொரு பெரியாரை இவ்வாண்டு விழா மலரில் நினைவுகூர விழைகிறோம். மூளை நரம்பு அறுவை வைத்தியத்தில் பாரதத்தின் முன்னோடிகளுள் ஒருவரான டாக்டர் பி. இராமமூர்த்தியே அவர்.

தந்தையார் அரசாங்க மருத்துவர். மைந்தர் திருச்சியில் பள்ளிக் கல்வியும், சென்னை மருத்துவக் கல்லூரியில் வைத்தியக் கல்வியும் பெற்று, 1947-இல் எடின்பரோவில் எப்.ஆர்.ஸி.எஸ். பட்டம் அடைந்தார். நியூகாஸில் நகரில் மூளை அறுவையைப் பயின்று தாயகம் திரும்பினார். கேரளம் ஈன்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூரில் நாட்டின் முதல் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். மறு ஆண்டே சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். 1951-இல் இவ்விருவரும் டாக்டர் பல்தேவ் சிங், டாக்டர் எஸ். டி. நரசிம்மன் ஆகியோருடன் கூடி இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர்.

அவர் கைவைத்த நோய்களுள் ஒன்று, 1817-இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் விவரித்த நடுக்குவாதம். இது பாரிசவாதம் அன்று. இரயில்வேக் குடும்பங்களுக்கு விளங்குமாறு கூறுவோம். பாரிசவாதம், கேபினுக்கும் கைகாட்டிக்கும் இடையே கம்பி அறுந்தது போன்றது. லீவரை இழுத்தாலும் கை இறங்காது. நடுக்குவாதத்திலோ கம்பி அறுவதில்லை, கேபினுள்ளேதான் குறை. மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் நாளடைவில் அழிகின்றன. தசையில் வலுவிருந்தும் அசைவு எளிதில் தொடங்குவதில்லை. சும்மா இருக்கும் கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை குறுகும், எழுத்துச் சிறுக்கும், முகம் உணர்ச்சியற்றதுபோல் தோன்றும்.

1960-களில் இராமமூர்த்தி, டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் எஸ். கல்யாணராமன் ஆகியோருடன் இதற்குச் சென்னையிலேயே நுண்ணிய அறுவை செய்தார். தலையில் சட்டம் பொருத்தி, இடத்தை அளந்து, மண்டையோட்டின் சிறு துளை வழியே மெல்லிய கருவியைச் செலுத்தி, நடுக்கத்தைத் தூண்டும் சிறு பகுதியைச் செயலறச் செய்வது அம்முறை. வலப்புற நடுக்கத்துக்கு இடப்புற மூளையில் சிகிச்சை. நடுக்கம் தணியுமேயன்றி நோய் வேரறுவதில்லை. அப்பத்தாண்டின் இறுதியில் லெவோடோபா மருந்து வந்தபின் இவ்வறுவையின் தேவை பெரிதும் குறைந்தது.

பிற்காலத்தில் சென்னை அடையாற்று வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் அவர் தொண்டு தொடர்ந்தது. பத்மபூஷண் விருது பெற்ற அப்பெரியார் 2003-இல் மறைந்தார்.

நம் மீனாட்சிபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் முதியவர் ஒருவர் அடியெடுத்து வைக்கத் தயங்கி நின்றால், அதனை முதுமை என்றும், சில வேளை சோம்பல் என்றும் எண்ணிக் கடிந்துகொள்கிறோம். அவர் மனம் புறப்பட்டுவிட்டது. கால்தான் உத்தரவுக்குக் காத்திருக்கிறது. சினம் கொள்ளாமல் நரம்பு வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே நம் கடன். கைநடுக்கம் யாவும் இந்நோயும் அன்று. அதனைப் பிரித்தறிவதும் வைத்தியர் பொறுப்பே. சோர்ந்த கால்களுக்காக உழைத்த அம்மேதைக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே. வாழ்க அவர் புகழ்!