பளிங்கும் காந்தமும்

இரத்தினபுரி மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றின் பாடசாலையில் நான் படிப்பித்துக் கொண்டிருந்த காலம். பால்வெட்டு இல்லாத நாள்களில் மாணிக்கக் குழியில் இறங்கும் தொழிலாளி ஒருவரின் மகன், ஒரே குழியின் இல்லத்திலே சிவப்புக் கல்லும் நீலக் கல்லும் அகப்படுவது எவ்வாறு என்று ஒருநாள் கேட்டான். இயற்கையின் விந்தை என்று கூறி நழுவினேன். அவன் முகத்தில் தோன்றிய ஏமாற்றம் பல நாள் என்னை உறுத்திற்று.

விடை தேடிப் படித்தேன். இரண்டும் குருந்தம் என்னும் ஒரே கல், அலுமினியத்தின் ஒட்சைட்டு, தூயதாயின் நிறமற்றது. (மேனாட்டார் அதற்கு வழங்கும் பெயரும் நம் சொல்லினின்று பிறந்ததே.) சிறிதளவு குரோமியம் புகுந்தால் அது சிவக்கிறது, இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்து புகுந்தால் நீலமாகிறது. இம்மூன்றும் தாண்டல் மூலகங்கள். இவ்வினத்து அணுக்களின் உட்புற இலத்திரன் ஓடொன்று முற்றும் நிரம்பாது கிடக்கிறது. நிறத்துக்கும் காந்தப் பண்புக்கும் அந்த நிரம்பாமையே அடிப்படை. இதைக் கற்றபோதுதான், அறிந்தும் அறியாதிருந்த ஒரு பெயர் எதிர்ப்பட்டது: கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். பெயரிலேயே மாணிக்கம்!

1898 இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இரசாயனச் செயல்முறை ஆசிரியராக இருந்தபோது, மதிய இடைவேளையில் மாணவரைக் கூட்டிப் பௌதிகமும் கணிதமும் அளவளாவுவார். பிற கல்லூரி மாணவரும் வந்து அமர்வர். 1923 இல் கல்கத்தாவில் இராமனிடம் சேர்ந்தார். 1928 இல் வெளிப்பட்ட ஒளிச்சிதறல் விளைவில் உடனுழைத்தார். நோபெல் பரிசு 1930 இல் இராமனுக்கே சென்றது. இராமனின் உதவியாளர் என்ற ஒரு வரியோடு இவரை மாணவருக்கு முடித்துவைத்தவர்களுள் நானும் ஒருவன்.

அவருடைய தனிப்பெரும் பணி தொடங்கியது அதன் பின்னரே. 1928 இறுதியில் டாக்காப் பல்கலைக்கழகம் சென்று, பளிங்குகளின் காந்தப் பண்பை ஆராயலானார். சிறு பளிங்கொன்றை மெல்லிய குவாட்சு இழையிற் கட்டிக் காந்தப்புலத்தில் தொங்கவிடுவார். இழையின் மேல்நுனியை மெல்ல முறுக்க, பளிங்கு காந்தத்தின் பிடியில் முறுக்கை எதிர்த்து நிற்கும். ஓர் எல்லை கடந்ததும் சட்டெனச் சுழன்றுவிடும். அந்த எல்லைக் கோணத்தைக் கொண்டு, பளிங்கின் காந்தத் தன்மை திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது எனக் கணித்தார். எத்துணை எளிய கருவி!

1933 இல் கல்கத்தா மீண்ட பின்னும் இவ்வாய்வு தொடர்ந்தது. மயில்துத்தத்தையும் அவர் விடவில்லை. அதிலே செம்பைச் சூழ நான்கு நீர் மூலக்கூறுகள் சதுரமாய் நிற்கின்றன. சல்பேற்றின் ஒட்சிசன் அணுக்கள் இரண்டு சற்று விலகி நிற்கின்றன. இந்த அயலாரின் மின்புலமே செம்பின் இலத்திரன்களை ஆட்டுவிக்கிறது. அவ்வமைப்புக்கும் காந்த அளவீட்டுக்கும் உள்ள தொடர்பை 1930களின் பிற்பகுதியில் அவர் நிறுவிக் காட்டினார்.

1940 இல் இலண்டன் றோயல் கழகத்தின் அங்கத்துவம், 1947 இல் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநர் பதவி எனச் சிறப்புகள் வந்தன. தமிழிலும் வடமொழியிலும் தோய்ந்த அவர் 1961 இல் மறைந்தார்.

பின்னர் அச்சிறுவனை அழைத்து, மயில்துத்தத்தைச் சூடாக்கிக் காட்டினேன். நீர் நீங்க, நீலம் வெளிறிற்று. ஆறியபின் ஒரு துளி நீர் விட, நீலம் திரும்பிற்று. செம்பு மாறவில்லை, அதன் அயல்தான் மாறியது என்றேன். அவன் சற்று யோசித்தான். கெவுட என வழங்கும் பால்நிறக் கல்லைச் சூளையிலிட்டு நீலமாக்குகிறார்களே, அது எவ்வாறு என்றான். இம்முறை நான் நழுவவில்லை. கல்லினுள் நுண்ணூசிகளாய் ஒதுங்கிக் கிடக்கும் தைத்தேனியம் சூட்டிலே கரைந்து இரும்பின் அருகே வருவதைக் கரும்பலகையில் வரையலானேன்.