3 ஆண்டு வேலை, உலகம் முழுக்கப் பரவிய பொன்னிற பீர்: யார் இந்த ஜோசப் க்ரோல்?

தெளிவான பொன்னிறம், மேலே வெள்ளை நுரை, நாக்கில் லேசான கசப்பு. பீர் என்றதும் பலருக்கும் இதுதான் நினைவுக்கு வரும். ஆனால், சுமார் 180 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் பெரும்பாலான பீர் கருமையாகவோ கலங்கலாகவோதான் இருந்தது. அந்த நிறத்தையும் ருசியையும் மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜோசப் க்ரோல்.

தெருவில் கொட்டிய 36 பீப்பாய்

இப்போது செக் குடியரசில் இருக்கும் ஊர் பில்சென். 1838-ல் அங்கே 36 பீப்பாய் பீரை நகர மன்றத்தின் முன்னாலேயே கொட்டிவிட்டார்கள். காரணம் சிம்பிள்: பீர் கெட்டுப்போயிருந்தது. அங்கே அப்போது பயன்பட்டது, சாதாரண வெப்பத்தில் மேலே நுரைத்து எழும் ஈஸ்ட். சூடு கொஞ்சம் கூடினாலும் புளித்துவிடும்.

இனி இது சரிப்படாது என்று, பீர் தயாரிக்கும் உரிமை பெற்ற ஊர்க்காரர்கள் ஒன்றுகூடிப் பொதுவாக ஓர் ஆலை கட்டினார்கள். குளிர்ந்த நிலவறையில், அடியில் தங்கும் ஈஸ்ட்டைக் கொண்டு பீர் தயாரிப்பதுதான் பவேரியா பாணி. அது தெரிந்த ஆள் வேண்டுமே? அப்படித்தான் க்ரோலை அழைத்தார்கள்.

முரட்டு மனுஷன், நுணுக்கமான கை

க்ரோல் 1813-ல் பவேரியாவின் வில்ஸ்ஹோஃபனில் பிறந்தவர். அப்பாவும் பீர் ஆலைக்காரர்தான். ஆள் கொஞ்சம் கரடுமுரடு. பவேரியாவிலேயே இவனைப் போல முரடன் கிடையாது என்று பெற்ற அப்பாவே அலுத்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு. பில்சென் ஆலையில் முதல் பீரைத் தயாரிக்கும்போது அவருக்கு வயது 29.

என்ன மாற்றினார்?

முளைகட்டிய பார்லியைக் கருகவிடாமல், இங்கிலாந்து பாணியில் சூடான காற்றில் பக்குவமாக உலர்த்தினார்கள். அதனால் நிறம் வெளிறியது. பில்செனின் தண்ணீரில் உப்புகள் குறைவு. அதனால் சாட்ஸ் பகுதியின் ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டும் கசப்பு உறுத்தவில்லை, வாசனையும் தூக்கலாக நின்றது. பவேரிய ஈஸ்ட்டும் நிலவறைக் குளிரும் சேர்ந்து பீரைத் தெளியவைத்தன.

1842 அக்டோபர் 5-ல் முதல் கொதி. நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் ஊருக்குப் பரிமாறினார்கள். வெறுப்பில் பீரைக் கொட்டிய அதே ஊர், இதை விரும்பிக் குடித்தது.

பெயர் ஊருக்கு, ஆளுக்கு இல்லை

1845-ல் க்ரோலின் ஒப்பந்தம் முடிந்தது. அதைப் புதுப்பிக்கவில்லை. அவர் சொந்த ஊருக்கே திரும்பி, அப்பாவின் ஆலையைப் பார்த்துக்கொண்டார். ரயில் பாதைகள் வந்ததும் பில்சென் பீர் எல்லைகளைத் தாண்டியது. அந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் பில்ஸ்னர் என்ற வகையே வந்தது. க்ரோலின் பெயர் அதில் எங்கும் இல்லை. 1887-ல், 74 வயதில் வில்ஸ்ஹோஃபனில் இறந்தார்.

வீட்டு பீருக்கு இதில் என்ன பாடம்?

வீட்டில் பீர் தயாரிக்க அனுமதி உள்ள நாடுகளில், புதிதாகத் தொடங்குபவர்கள் பலரும் தேர்ந்தெடுப்பது மால்ட் எக்ஸ்ட்ராக்ட். முளைகட்டிய பார்லியின் சாற்றைப் பாகாகவோ பொடியாகவோ காய்ச்சி விற்பார்கள். பார்லியை ஊறவைத்துச் சாறு எடுக்கும் மணிக்கணக்கான வேலை மிச்சம்.

ஆனால், க்ரோலின் கணக்கு இங்கேயும் பொருந்தும். லைட்டாக, ஹாப்ஸ் மணத்தோடு வேண்டுமென்றால் வெளிர் நிற எக்ஸ்ட்ராக்ட்டை எடுக்க வேண்டும். அதை நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் நிறம் கருக்கும். பெரும்பகுதியைக் கொதியின் கடைசியில் சேர்ப்பது நல்லது. ஹாப்ஸிலும் ஒரு பங்கைக் கடைசியில் போட்டால்தான் மணம் நிற்கும்.

அசல் பில்ஸ்னருக்கு 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரும், வாரக்கணக்கில் பொறுமையும் தேவை. சீக்கிரம் வேண்டும் என்பவர்கள் 20 டிகிரியை ஒட்டி வேலைசெய்யும் ஏல் ஈஸ்ட்டுக்குப் போகிறார்கள். அது பில்ஸ்னர் ஆகாது. ஆனால் வெளிர் நிறமும் ஹாப்ஸ் மணமும் சில வாரங்களிலேயே கிடைத்துவிடும்.